கருட தரிசனம்

“கருடனைப் பார்க்காம நான் காடியில ஏற மாட்டேன். சொல்லிட்டேன்!”

ரங்கசாமி வாசல் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் காந்தன் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இன்றைக்கு அவருக்குக் கண் ஆபரேஷன்.

“போன தடவ பூனை குறுக்க போச்சுன்னீங்க. அதுக்கு முன்னால யாரோ ஒத்தத் தும்மல் போட்டாங்கன்னீங்க. இப்பக் கருடனா?” அவர் மனைவி ஜானகிக்குக் குரல் உடைந்தது. “புரை முத்திப் போச்சு, இன்னும் தள்ளிப்போட்டா பார்வைக்கு நான் பொறுப்பில்லன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“பெருமாள் உத்தரவு இல்லாம கண்ணுல கை வைக்க விட முடியாது லா. கருடன் வரட்டும். வந்தா உடனே கிளம்புறேன்.”

மனுஷர் நேற்றுத்தான் காப்பியைக் கிளாஸுக்கு வெளியே ஊற்றிக் காலைச் சுட்டுக்கொண்டார். ஆனாலும் வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜானகி விளக்கையெல்லாம் அணைக்கிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூடத்து மேசையில் அவளுடைய ரேடார் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. டெலிபோன் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டு வாங்கியது. கூரையில் ஓர் ஏரியல், மேசையில் ஒரு திரை. வீட்டுக்கு மேலே போகிற விமானமெல்லாம் பெயரும் ஊருமாக அதில் ஊர்ந்து போகும். “எங்க வீட்டம்மா காவக்காரி மாதிரி வானத்துக்கு ஜாகா நிக்கிறா” என்று ரங்கசாமி ஊரெல்லாம் கேலி பேசுவார்.

அதையும் அணைக்கப் போன கை அப்படியே நின்றது. திரையில், தெற்கிலிருந்து ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜகார்த்தாவிலிருந்து கோலாலம்பூர் போகிற இந்தோனேசிய விமானம். பெயர், கருடா. நேராக அவர்கள் தாமான் வீடுகளுக்கு மேலேதான் வருகிறது.

சாமி காரியத்தில் பொய் சொல்லலாமா? பொய் என்ன பொய், பெயர் கருடன்தானே!

வாசலுக்கு ஓடினாள். “ஏங்க, எழுந்திரிங்க! கருடன் வருது!”

“எங்க? எங்க?”

“அந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு மேல பாருங்க! வெள்ளையா மின்னுது பாருங்க!”

ரங்கசாமி கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, “கோவிந்தா!” என்று கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆன்ட்டி, அது ப்ளேன்…” என்று ஆரம்பித்தான் காந்தன்.

“நீ காடிய எடு தம்பி!” என்று முறைத்தாள் ஜானகி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வார்டு மிஸ்ஸி வந்து கட்டைப் பிரித்துவிட்டுப் போனாள். ரங்கசாமி முதலில் பார்த்தது பெண்டாட்டியைத்தான்.

“அடேயப்பா! ஒனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா?”

அவர் சிரித்தார். ஜானகிக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி முழுக்க அவளை அரித்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

“என்னை மன்னிச்சிருங்க. நேத்து வந்தது கருடன் இல்ல. ஜகார்த்தாவுல இருந்து வந்த கருடா ப்ளேன். ஒங்க பக்தியோட வெளாடிட்டேன். பெருமாள் என்னைச் சும்மா விடுவாரா?”

“தெரியும்” என்றார் ரங்கசாமி. “கண்ணுதானே மங்கல்? சத்தம் கேக்காதா எனக்கு?”

“தெரிஞ்சுமா கும்பிட்டீங்க?”

அவர் பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வெளிய சொல்லிராத. கண்ணுல கத்தி வைப்பாங்கன்னு கேட்டதுமே எனக்குப் பயம் புடிச்சிக்கிச்சு. பூனை, தும்மல் எல்லாம் சாக்கு லா! நம்ம பக்கம் காக்காவத் தவிர ஒன்னும் பறக்காதுன்னுதான் கருடனைக் கேட்டேன். நீ ஜகார்த்தாவுல இருந்தே வரவழைச்சிட்டே. அதுக்கப்புறமும் பயந்துக்கிட்டு ஒக்காந்திருந்தா நான் மனுசனா, ஜானகி?”