எட்டுப் பாட்டும் ஒரே மூச்சும்

"எட்டுப் பாட்டும் முடியிற வரைக்கும் நீங்க வேற பேச்சு எதுவும் பேசக் கூடாது. சம்மதமா?" என்றாள் ஜெமி.

மில்லர்புரம் வீட்டு மாடி அறையில், டிரம்ஸுக்கும் கிடாருக்கும் நடுவே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் நெளிந்தான்.

"இல்லங்க, அதுக்கு முன்னால நான் ஒரு விஷயம் சொல்லணும்..."

"எதுவா இருந்தாலும் பாட்டுக்குப் பிறகுதான்."

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஜெமி போட்டிருக்கும் ஒரே நிபந்தனை இது. போட்டோகூடப் பார்க்க மாட்டாள். மாப்பிள்ளை முதலில் தனியாக வந்து, அவளும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய ராக் ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும். மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன மாதம் வந்தவர் இரண்டாவது பாட்டிலேயே செல்போனை எடுத்துவிட்டார். அவருக்கு முன்னால் வந்தவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "கல்யாணத்துக்குப் பிறகும் இதெல்லாம் உண்டா?" என்றார்.

"இவளுக்கு மாப்பிள்ளை தேடுதேனா, ரசிகர் தேடுதேனான்னே தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்ட அப்பா ஞானையா, துறைமுகத்தில் வேலை பார்க்கும் கிருபாகரனை இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். வருகிற மாப்பிள்ளைக்கு மக்ரூன் இனிப்பு வாங்க அவர் கடைக்குப் போயிருக்க, அம்மா அடுப்படியில் இருக்க, வாசலில் வந்து நின்றவனை ஜெமியே மாடிக்கு அழைத்து வந்துவிட்டாள்.

"முத்துக் குளிக்கிற ஒருத்தன் கடல்ல முங்குறான். முங்கி எந்திரிக்கிற அந்த ஒரு மூச்சுதான் மொத்தக் கதையும். உள்ள போகப் போக ஒவ்வொரு ஞாபகமா வரும். அதுக்கு ஏத்த மாதிரி இசையும் மாறும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

கிடார் இரைந்தது. அடுத்த பாட்டில் வில்லுப்பாட்டுக் குடம் சேர்ந்துகொண்டது. நாலாவதில் சர்ச் பாடகர் குழு உருகிக்கொண்டிருக்கும்போதே தவில் புகுந்தது. அவன் சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?"

"பாட்டைப் பத்திப் பேசலாமா?"

"ம்."

"கடலுக்கடியில யாருக்குக் கல்யாணம்?"

"அவனுக்குத்தான். மூச்சு முட்டும்போது தன் கல்யாணம் ஞாபகம் வருது."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. மூச்சு முட்டுறதுன்னா எல்லாருக்கும் அதுதான ஞாபகம் வரும்!"

ஜெமி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

ஆறாவது பாட்டு இலங்கைப் பைலா மெட்டில் ஆட்டம் போட்டது.

"ஏங்க, அரைமணி நேரமா முங்கிக் கெடக்கான். ஆளு இருக்கானா, போயிட்டானா?"

"நக்கலா?"

"நெசமாவே பயமா இருக்குங்க. பொண்டாட்டி கரையில நிக்காள்லா?"

ஜெமி சட்டென்று அவனைப் பார்த்தாள். கரையில் நிற்கும் மனைவி வருவது இரண்டாவது பாட்டில், ஒரே ஒரு வரியில். இதுவரை யாருமே அதைக் கவனித்ததில்லை.

ஏழாவது பாட்டில் வெறும் தாலாட்டு. அவன் கண்ணை மூடிக்கொண்டான். எட்டாவதில் எல்லா இசையும் ஒன்றாக முட்டி மோதி, முத்துக்குளிப்பவன் தண்ணீரைப் பிளந்து வெளியே வந்தபோது, நாற்காலியில் இருந்தவனும் 'ஹா'வென்று மூச்சுவிட்டான். அவனும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"எப்படி?" என்றாள் ஜெமி.

"ஆறாவதுல டிரம்ஸ் கொஞ்சம் ஓவர். மத்தபடி..." அவன் தயங்கினான். "இன்னொரு தடவை போடுதீங்களா?"

அப்பா வந்ததும் சம்மதம் சொல்லிவிடுவது என்று ஜெமி அந்த நிமிடத்தில் முடிவு செய்தாள்.

"போடலாம். ஏதோ விஷயம் சொல்லணும்னீங்களே கிருபாகரன், முதல்ல அதைச் சொல்லுங்க."

அவன் எழுந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"கிருபாகரன் எங்க அண்ணன்ங்க, நான் எஸ்றா. பாட்டு, பேண்டுன்னு இருக்கிற பொண்ணு தனக்குச் சரிப்படாதுன்னு, உங்க மனசு நோகாமச் சொல்லிட்டு வரச் சொல்லி அவன்தான் என்னைய அனுப்பினான்" என்றவன், அறை வாசல்வரை போய்த் திரும்பினான். "அவன் சொன்னதைச் சொல்லிட்டேன்லா... நாளைக்கு எனக்குப் பொண்ணு பார்க்க வரட்டுமா?"