சொல்லாமல் வைத்த கிழங்கு

ஆபீஸிலிருந்து வந்ததும் சுவாமிதாஸ் மனைவியிடம் கேட்டார். “ராகேலு, பையில இருந்த மரச்சீனிக் கிழங்கு எங்கே?”

“அவிச்சு, மீன்கறி ஊத்தி, பிள்ளைகளோட தின்னாச்சு. எந்தா?”

“வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரங்களும் எங்க கிழங்கு ஆராய்ச்சி ஆபீஸும் வருஷக்கணக்கா சேர்ந்து உண்டாக்கின புது ரகம் அது!”

ராகேல் காலிப் பையை எடுத்து உதறிப் பார்த்தாள். “கர்த்தாவே! வேலை போயிருமா? சாலைக் கம்போளத்துக் கடையில வேற வாங்கித் தரட்டா?”

“சட்டியில மிச்சம் உண்டா?”

“வழிச்சு நக்கியாச்சு. சின்னவ லிபி இன்னும் கேட்டு அழுதா.”

சுவாமிதாஸ் சிரித்துவிட்டார். “வீட்டுல சமைச்சு ருசி பார்க்கத்தான் ஆபீஸுல தந்தாங்க. போன தடவை தந்த ரகத்தை, ஆபீஸுல உண்டாக்கினதுன்னு சொல்லியே உன்கிட்ட கொடுத்தேன். எனக்காக நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு, கோழிக்குப் போட்டே. அதான் இந்தத் தடவை சொல்லாம வச்சேன்.”

ராகேல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ நாளைக்கும் சொல்லாம ரெண்டு பை கொண்டு வாங்க.”