மூக்குக்கண்ணாடியின் தோல்

காட்டை விட்டு மலைக்கோயிலுக்குக் குடிபோன தங்கையை, அந்தக் கிழட்டுக் குரங்கு மூன்று வருஷமாக மன்னிக்கவில்லை. ஒருநாள் அவள் மகனைச் சோதித்துப் பார்க்கவென்றே வந்தது.

"நாவல்மரம் எந்த மாதம் பழுக்கும், சொல்லுடா?"

"தெரியாது மாமா."

"தேனீ கொட்டாமல் தேனெடுக்கத் தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"மக்கு! காட்டுக்கு வா, நான் வளர்க்கிறேன்."

குட்டிக்கு அம்மாவைப் பிரிய மனமில்லை. ஓடிப்போய் ஒரு பக்தரின் மூக்குக்கண்ணாடியைப் பறித்தது. அவர் வாழைப்பழத்தை நீட்டியதும், கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் பழத்தோடு திரும்பியது.

"இதென்ன பெரிய வித்தை!" என்று மாமனும் போய் ஒரு கண்ணாடியைப் பறித்தது. எங்கே தோலுரிப்பது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நறுக்கென்று கடித்தது.

குட்டி அம்மாவின் காதில் சொன்னது: "மாமாவை இங்கேயே வைத்துக்கொள்வோம் அம்மா. பாவம், யாருமே சொல்லித்தராமல் வளர்ந்திருக்கிறார்."