இன்டர்நெட் கம்பெனியின் அநியாயம்

ஐந்தாவது முறையும் அறுந்தது.

மடிக்கணினி கீச்சிட்டு, கரகரத்து, தொண்டையைச் செருமி, இதோ சேர்ந்துவிட்டேன் என்கிற கட்டத்தில் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. திரையில் ஒரு சின்னப் பெட்டி: இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"துண்டிச்சது யாருடா? நானா?" என்று பெரியவர் அந்தப் பெட்டியைக் கேட்டார்.

மணி நாலு இருபது.

மகன் ஐந்து மணிவரைதான் ஆபீஸில் இருப்பான். அதன்பிறகு மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ரயிலேறிவிடுவான். விடிந்தால் வாசலில் வந்து நிற்பான். அதற்குள் அவன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

கடிதம் சுருக்கமானது. 'பிள்ளைக்கு மாமனார் பெயரை வைத்தவன் மாமனார் வீட்டுக்கே போகலாம். இந்தப் படியை மிதிக்க வேண்டாம்.'

ஏழு தலைமுறையாக இரண்டே பெயர்களை வைத்துக் காலம் தள்ளிய குடும்பம் அது. தாத்தா பெயர் பேரனுக்கு. அந்தப் பேரன் தாத்தாவானால் அவன் பேரனுக்கு. மூன்றாவதாக ஒரு பெயர் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

"என் பேருல என்ன முள்ளா இருக்கு?" என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் சொல்லத்தான் ஆளில்லை. குழந்தையை இன்னும் ஒருமுறைகூடப் பார்க்காத மனைவி, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

போனில் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் 'இனி அவன் குரலைக் காதால் கேட்க மாட்டேன்' என்று அவள் எதிரிலேயே சத்தியம் செய்தாகிவிட்டது. எழுத்துக்குக் குரல் கிடையாது. அதனால்தான் மடிக்கணினி.

லேசுப்பட்ட மடிக்கணினி இல்லை அது. மடியில் வைத்தால் கால் மரத்து, எழுந்து நடக்க இரண்டு ஆள் தாங்க வேண்டும். பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் குளித்து, துணி துவைத்துப் போட்டு, அது காய்ந்தபிறகு வந்து பார்த்தால் பாதிதான் விழித்திருக்கும். வீட்டில் இருப்பது ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட்டும் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். லைனைப் பிடிக்கும்போது அது போடும் கூச்சலுக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று வாலாட்டும். உறவுக்காரன் என்று நினைப்பு.

பெரியவர் வயரைப் பிடுங்கினார். முனையை ஊதினார். ரப்பரால் தேய்த்தார். வேட்டி நுனியால் துடைத்து மறுபடி செருகினார். வேகத்தைக் குறைத்து வைத்து, ஒரு தடவை அணைத்துப் போட்டு, ஆறாவது முறை முயன்றார்.

கீச். கரகர. அறுந்தது.

ஏழாவது முறையும் அதே இடத்தில்.

கம்பெனிக்கே போன் போட்டார். அதற்கும் அதே லைன்தான் என்பதால், மடிக்கணினியிலிருந்து வயரைக் கழற்றி ஹால் போனில் மாட்ட வேண்டியிருந்தது. பன்னிரண்டு நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்துவிட்டு ஒருவன் வந்தான்.

"சார், வீட்ல இன்னொரு போன் இருக்கா?"

"சமையல்கட்டுல ஒண்ணு இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"இன்டர்நெட் சேர்றப்ப அதை யாராவது எடுத்தா கட்டாயிடும் சார். ஒருவேளை மேடம்..."

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யோவ், யாரைப் பத்திப் பேசுற? நாப்பது வருஷமா அவகூடக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? அவ பாட்டுக்கு அடுப்படியில நிக்கிறா. உங்க கம்பி மக்கிப்போச்சுன்னு ஒத்துக்க வக்கில்ல, வீட்டுப் பொம்பளை மேல பழி போடுறியா?"

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

நாலு ஐம்பதுக்கு எட்டாவது முறை. அறுந்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஒன்பதாவது. அதுவும் அறுந்தது.

பெரியவர் கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தார். முதலாளியில் தொடங்கி, போஸ்ட் நட்டவன், அதற்குக் குழி தோண்டியவன், போஸ்டுக்காக வெட்டப்பட்ட மரம், அந்த மரத்துக்கு விதை போட்ட காக்கா வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டு, நியாயம்தான் என்று தலையாட்டிப் போனார்கள்.

ஹால் கடிகாரம் ஐந்தடித்தது.

ஐந்து மூன்றுக்குப் பத்தாவது முறை. கீச்சிட்டது, கரகரத்தது, சேர்ந்தது. திரையின் மூலையில் இரண்டு குட்டி கம்ப்யூட்டர்கள் கண் சிமிட்டின. ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. லைன் பாறைபோல நின்றது.

பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடிதத்தை அழித்தார்.

"கேட்டியா, இன்னைக்கு லைன் வராது போலிருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"நாசமாப் போறவனுங்க! அவசரத்துக்கு ஒரு லெட்டர் அனுப்ப விடுறானுங்களா? நீங்க சும்மா விடாதீங்க, எழுதிப் போடுங்க!" சமையல்கட்டிலிருந்து வந்த கோபம் அவருடையதைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கம்பியில் விழும் ஒரு 'டிக்' போதும், போனை எடுத்தது எந்த அறையில், எந்தக் கையால் என்பதுவரை சொல்லிவிடுவார் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

ஒன்பது தடவையும் இடது கைதான். வலது கையில் கரண்டி இருந்திருக்கும்.