முத்து விழுந்த இடம்

“இல்லை” என்று அவள் சொல்லிவிட்டாள்.

நர்ஸ் கேள்வியை முடிப்பதற்கு முன்பே.

“சின்னம்மையும் வந்ததில்லையாம்மா?”

“எதுவுமே வந்ததில்ல சிஸ்டர். புள்ள நல்லாத்தான் இருக்கா.”

மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

ஏழு வயது. கட்டிலில் உட்கார்ந்து, அப்போதுதான் ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இன்னும் காயவில்லை.

அமெரிக்க விசாவுக்குப் பரிசோதனை செய்யும் மருத்துவமனை அது. விருதுநகரிலிருந்து ரயிலேறி அன்று காலைதான் வந்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தாள்.

“எது கேட்டாலும் இல்லேன்னுருங்க அக்கா. இருக்குன்னா நோண்டி நோண்டிக் கேப்பாங்க. எங்க நாத்தனா பையனை அப்படியே நிறுத்தி வச்சுட்டாங்க.”

நிறுத்தி வைத்துவிட்டால்?

கணவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியபோது மகள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அப்பா என்றால் போனில் தெரியும் முகம். தினமும் அந்தப் போன் கண்ணாடிக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள்.

அதனால்தான் இல்லை என்றாள்.

நர்ஸ் குனிந்தாள். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் ‘புளோரா’ என்று இருந்தது. மகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“இது என்ன கண்ணு, புருவத்துக்கிட்ட?”

மகள் வாயைத் திறந்தாள்.

“படியில விழுந்தா” என்றாள் அவள்.

மகளின் வாய் மூடிக்கொண்டது.

போன பங்குனியில் அம்மை முத்து விழுந்த இடம் அது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அவர்கள் தெருவில் யாரும் கொண்டுபோவதில்லை. அந்த வீட்டில் அதை நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள். அவள் வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் மகளைக் கிடத்தினாள். அரிப்பில் பிள்ளை துடித்தபோதெல்லாம் வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டே இருந்தாள். இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கோயிலுக்குத் தூக்கிப்போய் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினாள்.

தழும்பு மட்டும் தங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று மகள் அழுதுகொண்டு வந்தாள். மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் சொன்னாள்: ஆத்தா உன்னைத் தொட்டுப் பார்த்த இடம்டி அது.

அதற்குப் பிறகு மகள் கேட்டவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள். கேட்காதவர்களுக்கும்.

இப்போது மகள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அப்ப சின்னம்மைக்கும் ஒரு ஊசி போடணும்மா” என்றாள் நர்ஸ். “வந்திருந்தா இது வேண்டாம். டாக்டர் கேட்டு எழுதிக்குவாரு, அதுவே போதும். வரலைங்கிறீங்க. போட்டுருவோம்.”

வந்திருந்தால் வேண்டாம்.

அவ்வளவுதான். யாரையும் நிறுத்தி வைக்கிற விஷயமே இல்லை அது.

சொல்லிவிடலாம். ஆனால் இல்லை என்றாகிவிட்டது. படி என்றும் சொல்லியாகிவிட்டது. இனி மாற்றிச் சொன்னால், வேறு எதிலெல்லாம் பொய் சொன்னாய் என்று கேட்க மாட்டார்களா? கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

“ரெண்டு படி சிஸ்டர்” என்றாள் மகள்.

யாரும் அந்தப் பிள்ளையைக் கேட்கவில்லை.

“மேல இருந்து ரெண்டு படி. ரத்தம்கூட வந்துச்சு.”

சொல்லிவிட்டு மற்றக் கையின் சட்டையைத் தானே தோள்வரை சுருட்டி ஏற்றினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். கையை மட்டும் நீட்டியபடியே வைத்திருந்தாள்.

பெற்றவளால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

நர்ஸ் பார்த்தாள். அந்தக் கையை. அந்தத் தழும்பை. பிறகு, வாரை முறுக்கிக்கொண்டிருந்த விரல்களை.

ஊசியைத் தட்டில் வைத்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னச் சிலுவை முன்னால் வந்து ஆடியது.

“எங்க வீட்டுல நாங்க ஏழு புள்ளைங்க” என்றாள், மகளிடம். “ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு முத்து போட்டுச்சு. எங்கம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? தலைமாட்டுல ஜெபமாலை, முதுகுக்கடியில வேப்பிலை. ஃபாதர் வந்து பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல. போறப்போ எங்க வீட்டு மரத்துல ஒரு கொத்து ஒடிச்சுக்கிட்டுப் போனாரு. அவருக்கும் அரிச்சிருக்கு போல.”

மகள் ஒரு கண்ணைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

நர்ஸ் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினாள். அப்போதுதான் அவர்கள் அறைக்குள் நுழைந்ததைப்போல, முதல்முறையாகக் கேட்பதைப்போலக் கேட்டாள்.

“புள்ளைக்கு அம்மை வந்திருக்காம்மா?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் கால்களைச் செருப்பிலிருந்து உருவி, ஆத்தா சந்நிதியில் நிற்பதைப்போல வெறும் தரையில் ஊன்றினாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், கட்டிலில் இருந்தபடியே குனிந்து, தன் ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.