பயன்: ஏதுமில்லை

"மைக்கக் குடுங்க பெரியவரே!" போலீஸ்காரர் கையை நீட்டினார். ரங்கநாதன் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆவாரந்தாங்கல் ஏரியைத் தூர்த்துத் தனியார் கிடங்கு கட்ட விடலாமா என்று அதிகாரி ஜெயசுதா அன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டும்.

"உங்களுக்கு அங்க நிலம் இருக்கா?" என்றார் ஜெயசுதா. இப்படிக் கத்துகிறவர்கள் பெரும்பாலும் ஏரியை வளைத்துப் பயிர் வைத்தவர்கள் என்பது அவர் அனுபவம்.

"ஒரு சென்ட் கூட கிடையாது மேடம்."

"அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?" பின்வரிசையில் கிடங்கு கட்ட வந்த கம்பெனியின் ஆள் சிரித்தான்.

ஆவாரந்தாங்கல் விவசாயி வெண்மதி பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். "யாருடி இவரு? நம்ம ஊருப் பக்கம் பாத்ததே இல்லியே."

ரங்கநாதன் யார் பக்கமும் திரும்பவில்லை. "மழ பேஞ்சா மலை மேலேர்ந்து வர்ற தண்ணி மொத்தமும் அந்த ஏரியிலதான் வந்து நிக்குது. ஏரி இல்லன்னா ஊட்டுக்குள்ள பூந்துடும். சுத்தி நாப்பது கெணறு அதாலதான் ஊறுது. அந்த வண்டல அள்ளிப் போட்ட கொல்லையிலதான் மல்லாட்டக் கடல வெளையுது."

ஜெயசுதா கோப்பைப் புரட்டினார். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே. 'மக்களுக்குப் பயன்: ஏதுமில்லை'ன்னு இருபது வருஷம் முன்னாடி இருந்த வி.ஏ.ஓ. எழுதியிருக்கார். அத வச்சுத்தான் கம்பெனிக்காரங்க இந்த இடத்தையே தேர்ந்தெடுத்திருக்காங்க."

"ஏரிக்கரைய மிதிக்காம, ஊட்ல உக்காந்து எழுதின ரிப்போர்ட் மேடம் அது!"

கம்பெனி ஆள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"பொய்னு நீங்க சொன்னா போதாது. எழுதினவரே வந்து ஒத்துக்கணும், அப்பதான் நான் நிறுத்த முடியும்." ஜெயசுதா பேனா மூடியைக் கழற்றினார். "ஒத்துக்கிட்டா கேஸ் வரும், பென்ஷனும் போயிடும். யாருங்க வருவா? அவர் உயிரோட இருக்காரான்னாவது தெரியுமா உங்களுக்கு?"

ரங்கநாதன் மைக்கைப் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டு, மேசை முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் மேடம் அது."