நோபர்ட்டின் கவ்வாத்து

எல்கடுவ தோட்டத்தில் நோபர்ட் கவ்வாத்து வெட்டுபவர். தேயிலையை மட்டமாக வெட்டிப் பழகிய கை வீட்டு வாசலிலும் சும்மா இருக்காது. மனைவி சவரியம்மா நட்ட ரோஜாவோ செவ்வரத்தையோ, மொட்டு வந்ததும் மட்டமாக்கிவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாசலில் ஒரு பூ விரிந்ததில்லை.

போன பெப்ரவரியில் நோபர்ட் இறந்துபோனார். கூட வேலை செய்தவர்கள் அவருடைய கத்தியையும் பெட்டிக்குள் வைத்துத்தான் புதைத்தார்கள். அடுத்த வாரமே சவரியம்மா மாத்தளைக்குப் போய்ச் செவ்வரத்தைக் கன்று ஒன்று வாங்கிவந்து நட்டாள். அது வளர்ந்து மொட்டு விட்டது. ஒரு காலையில் பார்த்தால் செடி மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. மறுபடி துளிர்த்தது. மறுபடியும் வெட்டுப்பட்டது.

"ஆடு மேஞ்சிருக்கும்மா" என்றாள் மகள் ரொஷானி.

"ஆடு மட்டம் பாத்தா மேயும்? ஒங்கப்பன் வேலதான்டி இது."

அடுத்த முறை மொட்டு வந்தபோது, பட்டப்பகலில் சவரியம்மா செடியருகே போய் நின்றாள். மொட்டோடு ஒரு கிளையைக் கைக்குள் பொத்திப் பிடித்தாள்.

"உசுரோட இருந்தப்பவும் பூக்க விடல. செத்தும் விடமாட்டியா? இப்ப வெட்டு பாப்போம்! என் கையோட சேத்து வெட்டு!"

சுற்றியிருந்த கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கத்தி எதுவும் தெரியவில்லை. ரொஷானி அலறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செடி முழுவதும் மட்டமான பிறகு, அம்மாவின் கைக்குள் இருந்த கிளை மட்டும் நின்றது.

சவரியம்மா கையை எடுக்கவில்லை. சாயங்காலம் ரொஷானி சோறு பிசைந்து வந்து ஊட்டிவிட்டாள். விடியும்போது, இறுகிய விரல்களைத் தள்ளிக்கொண்டு சிவப்பாக ஒரு பூ விரிந்தது.

அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.